வளைவில் பஸ் திரும்பும்போது



பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போகிறவர்கள் நம் ஊரிலும் உண்டு. அதனால் இன்றைக்கு வளைவைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

கயிற்றில் கல்லைக் கட்டித் தலைக்கு மேல் சுற்றுகிறோம். கல்லை உள்பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கிறோம். பிடியை விட்டால் என்ன ஆகும்? கல் வட்டமாகப் போகாது. விட்ட இடத்திலிருந்து நேராகப் பறந்துவிடும். கவண் எறிகிறவர்களுக்கு இது தெரியும். ஓடும் பொருள் தானாகத் திரும்பாது. நியூட்டன் என்ற அறிஞர் 1687-இல் இதைப் புத்தகமாகவே எழுதி வைத்தார்.

வேகம் கூடினால் அது முடுக்கம். வேகம் மாறாமல் திசை மட்டும் மாறினாலும் முடுக்கம்தான். இதுதான் பலருக்கு மனதில் ஏறாது. டிரைவருக்கு முன்னால் உள்ள முள் 30-லேயே நிற்கிறதே, என்ன மாறியது என்பார்கள். திசை மாறியது. அந்த முடுக்கம் வட்டத்தின் நடுவைப் பார்த்து இருக்கும். அந்தப் பக்கமாக ஏதாவது ஒன்று இழுத்தால்தான் திரும்ப முடியும்.

பஸ்ஸைத் திருப்புவது டயருக்கும் ரோட்டுக்கும் உள்ள பிடிப்பு. சீட்டில் இருப்பவரைச் சீட்டு திருப்பும். படிக்கட்டில் நிற்பவரை எது திருப்பும்? அவர் கைதான். காலடியும் கொஞ்சம் உதவும்.

கணக்குப் போடுவோம். வளைவை முழு வட்டமாக நினைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து ரோடு 50 மீட்டர் தூரம். ஆளின் எடை 50 கிலோ. பஸ் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால், 7 கிலோவைத் தூக்கும் அளவுக்கு இழுப்பு வேண்டும். 60 கிலோமீட்டர் என்றால் 14 கிலோவா? இல்லை, 28 கிலோ! வேகம் இரண்டு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். ஒரு கையில் பையும் இருந்தால் யோசித்துப் பாருங்கள்.

நம் பஸ்களுக்கு வாசல் இடப்பக்கம். பஸ் வலப்பக்கம் திரும்பும்போது ஆளை யாரும் வெளியே தள்ளுவதில்லை. பஸ் விலகிப் போகிறது, உடம்பு நேராகப் போகப் பார்க்கிறது. நேரே இருப்பது திறந்த வாசல்.

மழையில் டயரின் பிடிப்பும் குறையும். வளைவுக்கு முன்பே டிரைவர் வேகத்தைக் குறைப்பது அதனால்தான். அப்போதும் அவரை அவசரப்படுத்தும் ஆட்கள் இருக்கிறார்கள்!

கல்லுக்குப் பதிலாகக் கயிற்றில் துணிப்பந்து கட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். வெளியே வாருங்கள், ஒவ்வொருவராகச் சுற்றிப் பார்க்கலாம். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.