பூதத்தால் ஆகாத காரியம்

(‘வரம் கொடுக்கும் மாயாஜாலப் படங்கள் வெறும் பொழுதுபோக்கா, வாழ்க்கைக்குப் பாடமா?’ என்ற பட்டிமன்றத்தில் ‘பாடமே’ என்னும் அணியில் பேசியது)

அன்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணியில் இருந்தாலும் என் மதிப்பிற்குரிய நண்பர்களே, முட்டம் கடற்கரை மணலையே பாயாக நினைத்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டில் சாப்பாட்டுத் தட்டோடு தொலைக்காட்சி முன்னால் இருக்கிற அன்பு நெஞ்சங்களே!

எதிரணித் தலைவர் இப்போது ஒரு பெரிய வலையை வீசிவிட்டு உட்கார்ந்தார். ‘இது எந்த ஊர்? 1981-ல் பாரதிராஜா “அலைகள் ஓய்வதில்லை” எடுத்த ஊர். 1986-ல் “கடலோரக் கவிதைகள்” எடுத்த ஊர். இந்தப் பாறையில் நின்று காதலித்தவர்கள் எந்தப் பூதத்தைக் கூப்பிட்டார்கள்? இந்த ஊரில் வந்து பூதப் படத்தைப் பாடம் என்கிறீர்களே, இது அடுக்குமா?’ என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். நல்ல பேச்சுக்குக் கைதட்டணும், அது நாகரிகம். ஆனால் ஐயா, அந்தப் பூதத்தை முதன்முதலில் ஜாடியிலிருந்து வெளியே விட்டவர் யார் தெரியுமா? ராஜா இல்லை, மந்திரவாதி இல்லை. ஒரு மீனவர்! (கைதட்டல்)

ஆயிரத்தோரு இரவுகள் கதையில் வருகிறது. ஒரு ஏழை மீனவர். ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் வலை வீசுவதில்லை என்று அவருக்கு ஒரு விரதம். முதல் வீச்சில் செத்த கழுதை. இரண்டாவதில் மண்ணும் சேறும் நிறைந்த பானை. மூன்றாவதில் உடைந்த ஓடு. இந்தக் கரையில் இருக்கிறவர்களுக்கு அந்த வயிற்றெரிச்சலை நான் விளக்கவே வேண்டாம். நாலாவது வீச்சில் பித்தளை ஜாடி. திறந்தால் புகை, புகையிலிருந்து பூதம். வெளியே வந்த பூதம் என்ன சொல்லுச்சு? ‘உன்னைக் கொல்லப் போறேன், எப்படிச் சாகணும்னு மட்டும் நீ சொல்லு’ன்னுச்சு.

ஏன் அப்படி? அங்கேதான் கதையே இருக்கிறது. முதல் நூறு வருஷம் பூதம் நினைத்ததாம், ‘என்னை விடுவிக்கிறவனைப் பெரிய பணக்காரன் ஆக்குவேன்’ என்று. யாரும் வரவில்லை. அடுத்த நூறு வருஷம், ‘பூமியில் புதைந்த புதையலையெல்லாம் கொடுப்பேன்’. வரவில்லை. பிறகு ‘மூன்று வரம் தருவேன்’. அப்போதும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் கோபம் வந்து, ‘இனி வருகிறவனைக் கொல்வேன்’ என்று முடிவு செய்தது. அன்பு வைத்து ஒரு ஆளைக் காக்க வைத்தால் அந்த அன்பே எப்படிப் புளித்துப் போகிறது பாருங்கள்! இது குழந்தைக் கதையா நடுவர் அவர்களே? கல்யாணமாகிப் பத்து வருஷம் ஆன எந்த வீட்டிலும் போய்க் கேளுங்கள். (சிரிப்பு) ‘இவ்வளவு பெரிய உடம்பு இந்தச் சின்ன ஜாடிக்குள்ளேயா இருந்துது? நான் நம்ப மாட்டேன்’ என்று சொல்லி அதை மறுபடி உள்ளே அடைத்தார் மீனவர். அவர் கையில் மந்திரம் எதுவும் கிடையாது. பேச்சு ஒன்றுதான்.

அந்த ஜாடிதான் நடுவர் அவர்களே, 1967-ல் நம்ம ஊருக்கு வந்தது. ‘பட்டணத்தில் பூதம்’. எம்.வி. ராமன் இயக்கினார். ஜெய்சங்கர், கே.ஆர். விஜயா, நாகேஷ். ‘ஜீபூம்பா’ என்று சொல்லிக்கொண்டு வரும் அந்தப் பூதமாக நடித்தவர் ஜாவர் சீதாராமன். 1954-ல் ‘அந்த நாள்’ படத்துக்குத் திரைக்கதை எழுதி, அதிலேயே துப்பறியும் அதிகாரியாகவும் நடித்த பெரிய மூளைக்காரர் அவர். ‘சிந்திக்கிறவன் பூதப் படம் பார்ப்பானா?’ என்று எதிரணியில் கேட்டார்கள். சிந்திக்கிறவர் பூதமாகவே நடித்திருக்கிறாரே, இதற்கு என்ன சொல்கிறீர்கள்? (கைதட்டல்) அந்தப் படத்துக்குள்ளேயே, உலகத்தில் உயர்ந்த பொருள் எது என்று வாதாடுகிற ஒரு பாட்டு உண்டு. பாட்டாகவே ஒரு பட்டிமன்றம்! நடுவர்தான் கிடையாது. அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. (சிரிப்பு)

அதற்கு மூலம் 1964-ல் வந்த ‘தி பிராஸ் பாட்டில்’ என்ற அமெரிக்கப் படம். அதற்கும் மூலம், 1900-ல் ஆன்ஸ்டி என்பவர் லண்டனில் எழுதிய நாவல். நாவலில் ஒரு இளைஞன். கட்டிடம் கட்ட வரைபடம் போடுகிறவன். காதலியின் அப்பா அம்மாவை விருந்துக்குக் கூப்பிடுகிறான். சாதாரணச் சாப்பாடுதான் ஏற்பாடு. பூதம் பார்த்தது. ‘நம்ம எஜமானுக்கு இதுவா விருந்து?’ என்று வாடகை அறையை அரபு அரண்மனையாக மாற்றிவிட்டது. வாயில் வைக்க முடியாத பதார்த்தங்கள். போதாக்குறைக்கு நடனம் ஆட ஒரு பெண்! பெண் கேட்க வந்த இடத்தில் மாமனார் முன்னால் நடனக்காரி ஆடினால் கல்யாணம் நடக்குமா? (சிரிப்பு) கடைசியில் பூதம் மாமனாரையே கோவேறு கழுதையாக்கிவிட்டது. முதல் வீச்சில் வந்த கழுதை இங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

இவ்வளவுக்கும் அந்தப் பூதம் கெட்டதா? இல்லை. நன்றி உள்ளது. ஆனால் கேட்காமலே கொடுக்கிறது. ‘உனக்கு என்ன வேணும்?’ என்று நின்று கேட்கவில்லை. தனக்கு எது பெரிசோ அதைக் கொண்டு வந்து கொட்டுகிறது. பூதத்தால் மாளிகை கட்ட முடிகிறது, காதலை ஒட்டவைக்க முடியவில்லை.

இதைப் படத்தில் பார்த்து நாம் சிரிக்கிறோம். எங்கள் தெருவில் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை. இந்த மாவட்டத்தில் ஒன்று கடலுக்குப் போகணும், இல்லாவிட்டால் கடல் தாண்டிப் போகணும். அந்தக் காலத்தில் டேப் ரிக்கார்டர் வந்தது, கம்பளி வந்தது, சென்ட் பாட்டில் வந்தது. நம்ம ஊர் வெயிலில் அந்தக் கம்பளியை யார் போர்த்துவது? ஒரு நாள் தொலைக்காட்சியில் ‘பட்டணத்தில் பூதம்’ ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த அக்கா சொன்னது: ‘எங்க வீட்டு ஆளும் பூதம் மாதிரிதான் டீச்சரே. நெனச்ச சாமான் வரும். நெனச்ச ஆளு வராது.’

நாங்கள் அன்றைக்குச் சிரித்தோம். ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு நகைச்சுவைப் படம் அந்த அக்கா வாயிலிருந்து அந்தச் சொல்லை எடுத்துவிட்டதே! அதைப் பொழுதுபோக்கு என்று எழுதி மூடிவிடலாமா?

செலவைப் பற்றி எதிரணியில் கேலி செய்தார்கள். ‘அட்டை மாளிகை, சாம்பிராணிப் புகை’ என்றார்கள். ஆமாம், அட்டைதான். பூதம் மறைகிற வித்தைக்கு என்ன செலவு? காமிராவை நிறுத்து. எல்லாரும் அசையாமல் நில்லுங்கள். பூதம் மட்டும் வெளியே போ. காமிராவை ஓட்டு. முடிந்தது! ஒரு காசு செலவில்லை, மூச்சை அடக்கணும், அவ்வளவுதான். இந்தச் சிக்கனத்துக்கே சக்கரவர்த்தி விட்டலாச்சார்யா. அவர் படத்தில் நடிகர் தகராறு பண்ணினால், அடுத்த காட்சியில் முனிவர் சாபம் கொடுத்து நாயகனை ஆடாகவோ கிளியாகவோ மாற்றிவிடுவாராம். மிச்சப் படத்தை ஆடு நடித்துக் கொடுத்துவிடும். ஆடு சம்பளமும் கேட்காது! (பலத்த சிரிப்பு) சினிமாக்காரர்கள் சொல்லிச் சிரிக்கிற கதை இது.

1978-ல் அவருடைய ‘ஜெகன்மோகினி’. பேய் அடுப்பில் விறகுக்குப் பதிலாகத் தன் காலையே வைத்து எரித்துச் சமைக்கும். தியேட்டரில் ஆண்கள் எல்லாம் மிரண்டு போனார்கள். பெண்கள் சிரித்தார்கள். ஏன்? நாங்கள் தினமும் அதைத்தானே செய்கிறோம்! (கைதட்டல்)

இரண்டாவதாகப் பேசிய தம்பி, ‘வரப் படம் பார்த்து ஜனங்கள் சோம்பேறி ஆகிறார்கள்’ என்றார். தம்பி, தமிழ்நாட்டில் 2003-லேயே லாட்டரியை நிறுத்தியாகிவிட்டது. இன்னும் களியக்காவிளை தாண்டிப் போய்க் கேரளா டிக்கெட் வாங்குகிறவர்கள் எல்லாம் பூதப் படம் பார்த்தா கெட்டுப் போனார்கள்? வரம் கேட்பதும் ஒரு உழைப்பு. சாவித்திரியை நினைத்துப் பாருங்கள். ‘புருஷன் உயிரைத் தவிர எது வேண்டுமானாலும் கேள்’ என்றான் எமன். மாமனாருக்குக் கண் கேட்டாள், ராஜ்யம் கேட்டாள், கடைசியில் ‘எனக்கு நூறு பிள்ளை’ என்றாள். எமனும் ‘தந்தேன்’ என்றான். பிறகுதான் தலையில் கை வைத்தான். காட்டு வழியில் எமன் பின்னாலேயே நடந்தபடி யோசித்த யோசனை அது. சோம்பேறி கேட்கிற வரமா?

நடுவர் அவர்களே, இந்த மேடையில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசு வரவில்லை. 2017 நவம்பர் 30. ஒக்கிப் புயல். இந்த மாவட்டத்துக் கரையெங்கும் பெண்கள் கடலைப் பார்த்தபடி நின்றார்கள். அன்றைக்கு ஒரு பூதம் வந்து ‘என்ன வேண்டும்?’ என்று கேட்டிருந்தால் மாளிகை கேட்டிருப்பார்களா? தங்கம் கேட்டிருப்பார்களா? ஒரே வரம்தான். ‘ஆளு வந்தாப் போதும்.’ பல வீடுகளில் ஆள் வரவில்லை. அந்த நாட்களுக்கு முந்தின ராத்திரி வீட்டில் சின்னச் சண்டை போட்டுவிட்டு வள்ளம் ஏறியவர்களும் இருந்திருப்பார்கள்தானே? ‘அந்த ஒரு ராத்திரியை மட்டும் திருப்பிக் கொடு’ என்று கேட்கத் தோன்றாத மனசு உண்டா?

அப்படித் திருப்பிக் கொடுத்த படம்தான் 2020 காதலர் தினத்தில் வந்த ‘ஓ மை கடவுளே’. அஸ்வத் மாரிமுத்துவின் முதல் படம். சின்ன வயதுத் தோழியைக் கல்யாணம் பண்ணி, சலித்துப் போய், விவாகரத்துக்கு நிற்கிறான் ஒருவன். கடவுளாக விஜய் சேதுபதி. கிரீடம் இல்லை, கதாயுதம் இல்லை. கையில் ஒரு சீட்டைக் கொடுத்து, ‘போ, மறுபடி ஆரம்பி’ என்று அனுப்புகிறார். அவன் போய் என்ன கண்டுபிடிக்கிறான்? மாமனார் கம்பெனியில் கழிப்பறைக் கோப்பைகளைச் சோதிக்கும் வேலையைக் கேவலம் என்று நினைத்தவன், அந்த வேலைக்குப் பின்னால் மாமனார் மனசில் என்ன இருந்தது என்று தெரிந்துகொள்கிறான். பக்கத்திலேயே இருந்த பெண் யார் என்று தெரிந்துகொள்கிறான். இதையெல்லாம் முதல் தடவையே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்க வைக்க ஒரு கடவுள் வேண்டியிருந்தது.

அந்த வளைகுடா அண்ணன் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். முன்வரிசையில்தான் இருக்கிறார், அக்காவும் பக்கத்தில் இருக்கிறார். கம்பளியைத்தான் இப்போது மணலில் விரித்து இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். (சிரிப்பு, நீண்ட கைதட்டல்)

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே. பூதமாக இருந்தால் இந்நேரம் புகையாக மறைந்திருப்பேன். நான் என் நாற்காலி வரைக்கும் நடந்துதான் போகணும். கொஞ்சம் வழிவிடச் சொல்லுங்கள். வணக்கம்.