பரணில் கிடக்கும் சலங்கை



'நடனம் தருவது கல்வியா, பொழுதுபோக்கா?' எனக்கு முன்னாலே பேசின எதிரணி அம்மா, பொழுதுபோக்குதான்னு அடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. "ஆடினா மார்க் போடுவாங்களா?"ன்னு ஒரு கேள்வி வேற. அம்மா, தாலாட்டுக்கு யார் மார்க் போட்டாங்க? (கைதட்டல்)

பின்னல் கோலாட்டம் பார்த்திருப்பீங்க. உச்சியிலேருந்து வண்ணக் கயிறுங்க தொங்கும். ஒரு கையிலே கயிறு, ஒரு கையிலே கோல். பாதிப் பேர் இடமா, பாதிப் பேர் வலமா, உள்ளே புகுந்து வெளியே வந்து ஆட ஆட, மேலே சடை பின்னிக்கிட்டே வரும். அதோட முடிஞ்சுதா? இல்லை. அப்படியே திருப்பி ஆடி, பின்னினதைச் சிக்கில்லாமப் பிரிக்கணும். நான் நூல்கண்டு சிக்கினா கத்தரிக்கோலைத் தேடற ஆளு! (சிரிப்பு) பரீட்சையிலே பக்கத்துப் பிள்ளை சறுக்கினா நமக்கு ராங்க் ஏறும். கோலாட்டத்திலே பக்கத்துப் பிள்ளை தப்பினா நம்ம கயிறும் சிக்கும். அது பொழுதுபோக்குன்னா, எது பாடம்?

கவி தாகூர் 1919-ல் சில்ஹெட்டிலே மணிப்புரி நடனம் பார்த்தார். ரசிச்சதோட விடலை. ஆசிரியரை வரவழைச்சு சாந்திநிகேதன் பிள்ளைகளுக்குக் கற்றுக் கொடுக்க வெச்சார்.

பரதநாட்டிய வகுப்பு வாசல்லே நின்னு பாருங்க. தட்டுக்கழி ஒரே சீராத் தட்டும். முதல் காலத்துக்கு ஒரு அடின்னா, ரெண்டாம் காலத்துக்கு 2, மூணாம் காலத்துக்கு 4. அப்புறம் 3, 5, 7, 9-ன்னு ஜாதிகள். சிலேட்டிலே போட்டா அழற கணக்கை, குழந்தை சிரிச்சுக்கிட்டே காலாலே போடுது.

இப்ப ஒரு உண்மையைச் சொல்லிடறேன் நடுவர் அவர்களே. என் மகள் 8 வருஷம் ஆடினா. பத்தாம் வகுப்பு வந்தது. "படிப்பு கெடும்"னு சலங்கையைப் பரண்லே தூக்கிப் போட்டது வேற யாருமில்லை, இங்கே கல்வின்னு முழங்கற இந்த அப்பன்தான். பரீட்சை முடிஞ்சது, நல்ல மார்க். நானே ஏணி போட்டு எடுத்துக் கொடுத்தேன். "ஆடும்மா"ன்னேன். கையிலே வாங்கிப் பார்த்தா. "காலுக்குப் பத்தலைப்பா"ன்னா. அளவு பத்தலையா, மனசு பத்தலையான்னு நான் கேட்கலை.

தீர்ப்பை உங்ககிட்டே விட்டுடறேன் நடுவர் அவர்களே.