அங்கோரில் ஒரு பகல்



வெளிநாட்டுக்குப் போய், வழிகாட்டி ஒருவருடன் ஒரே பகலில் வரலாற்றுச் சின்னங்களைப் பார்த்துத் திரும்பும் பயணம் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கெய்ரோ, ரோம், இஸ்தான்புல் என்று எல்லா இடங்களிலும் இப்படிப்பட்ட பயணங்கள் உண்டு. நம் ஊர்க் குழுக்களைக் கூட்டிக்கொண்டு நான் அடிக்கடி போய்வருவது கம்போடியாவின் அங்கோருக்கு. ஆகவே உங்களையும் அங்கேயே அழைத்துப் போகிறேன்.

அங்கோர் என்றதும் பலர் ஒரே ஒரு கோயிலை நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அங்கோர் என்பது கெமர் அரசர்கள் 9-ஆம் நூற்றாண்டு முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை ஆண்ட தலைநகரப் பகுதி. காட்டுக்குள்ளும் வயல்களுக்கு நடுவிலும் எங்கு பார்த்தாலும் கோயில்கள். தங்குவதற்குப் பக்கத்திலேயே சியம் ரீப் நகரம் இருக்கிறது. ஒரு நாள் நுழைவுச் சீட்டு, 2017-ல் உயர்த்திய பிறகு, 37 அமெரிக்க டாலர். அதில் 2 டாலர் அங்குள்ள குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகிறது. சீட்டில் உங்கள் முகத்தையே அச்சிட்டுத் தருவார்கள். மாலைவரை அதைத் தொலைக்காமல் வைத்திருக்க வேண்டும்; கோயிலுக்குக் கோயில் கேட்பார்கள்.

நாள் தொடங்குவது விடியற்காலை 5 மணிக்கு, அங்கோர் வாட்டில். இரண்டாம் சூரியவர்மன் 12-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விஷ்ணுவுக்காக எழுப்பிய கோயில். மேற்கு நோக்கிய வாசல். அதனால்தான் கோபுரங்களுக்குப் பின்னால் சூரியன் எழுவதை வாசல் பக்கக் குளக்கரையில் நின்று பார்க்க முடிகிறது. நடுக்கோபுரம் தரையிலிருந்து சுமார் 65 மீட்டர் உயரம். உள்ளே கிழக்குப் பிரகாரத்தில், ஏறக்குறைய 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே சுவரில் பாற்கடல் கடையும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. 1986 முதல் 1993 வரை, அந்த நாட்டில் போர் இன்னும் ஓயாத காலத்தில், இந்தக் கோயிலில் பராமரிப்புப் பணி செய்தவர்கள் நம் இந்தியத் தொல்லியல் துறையினர். இதைக் குழுவில் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும்.

அங்கோர் வாட்டைப் பற்றி நாள் முழுக்கப் பேசலாம். ஆனால் எனக்குக் கிடைத்திருக்கும் இந்தச் சில நிமிடங்களை வேறொரு இடத்துக்குக் கொடுக்கப் போகிறேன். வடக்கே சற்றுத் தூரம் வண்டியில் போனால் அங்கோர் தோம் என்ற கோட்டை நகரம். பக்கத்துக்கு 3 கிலோமீட்டர் மதில். சாம் நாட்டுப் படையை விரட்டிவிட்டு 1181-ல் முடிசூடிய ஏழாம் ஜயவர்மன் கட்டியது. அதன் நட்ட நடுவில் நிற்பதுதான் பாயோன். கோபுரங்களின் நாற்புறமும் புன்னகைக்கும் பெரிய முகங்கள், படங்களில் பார்த்திருப்பீர்கள். வருகிறவர்கள் எல்லோரும் அந்த முகங்களைப் படமெடுக்க நேரே மேலே ஏறிவிடுகிறார்கள். நானோ எங்கள் குழுவை முதலில் கீழேயே நிறுத்திவிடுவேன். கிழக்கு வாசலில் நுழைந்து இடப்பக்கம் திரும்பி, சுவர் வலக்கைப் பக்கம் இருக்கும்படி, நம் கோயிலில் வலம் வருவது போலவே நடந்தால் வெளிப்பிரகாரச் சிற்பங்கள் வரிசையாக வரும்.

முதலில் படை புறப்படுகிறது. யானைமேல் தளபதிகள், காலாட்கள், கொண்டை முடிந்த சீனர்கள். அவர்களுக்குப் பின்னால் மாட்டு வண்டிகளில் சாமான்கள், கூடவே பெண்கள், பிள்ளைகள். எங்களோடு வரும் கெமர் வழிகாட்டி இந்த இடத்தில் ஒரு வேலை கொடுப்பார். "ஓர் ஆமை இருக்கிறது, கண்டுபிடியுங்கள்" என்பார். அவர் ஆங்கிலத்தில் சொல்ல, நான் தமிழில் சொல்வேன். பிள்ளைகள்தான் பெரும்பாலும் முதலில் கண்டுபிடிப்பார்கள். ஒருவன் கையில் பிடித்திருக்கும் ஆமை, முன்னால் போகிறவனைப் பின்புறத்தில் கடிக்கிறது. அவன் திரும்பிப் பார்க்கிறான். எண்ணூறு ஆண்டுக்கு முன் அந்தச் சிற்பி சிரித்துக்கொண்டே செதுக்கியிருப்பான் என்று எனக்குத் தோன்றும்.

தெற்குப் பக்கம் திரும்பினால் தொன்லே சாப் ஏரியில் நடக்கும் பெரிய படகுப் போர். கவிழ்த்த பூப்போன்ற தலைக்கவசம் அணிந்தவர்கள் சாம் வீரர்கள். வெறுந்தலையோடு இருப்பவர்கள் கெமர்கள். தண்ணீரில் விழுந்தவனை முதலை கவ்வுகிறது. படகுகளுக்கு இடையில் மீன்கள், மீன்களுக்கு இடையில் மரங்கள்! மரத்தடியில் மீன் நீந்துவதைப் பார்த்து, சிற்பியின் கற்பனை என்று சிலர் நினைப்பார்கள். அது கற்பனை இல்லை, நேயர்களே. மழைக்காலத்தில் மீகாங் ஆறு பெருகும்போது தொன்லே சாப் ஆறு திசைமாறி ஏரியை நோக்கி ஓடுகிறது. ஏரி பல மடங்கு விரிந்து கரையோரக் காடுகளை மூழ்கடிக்கிறது. மீன்கள் மரங்களுக்குள் புகுந்து முட்டையிடுகின்றன. இன்றைக்கும் ஆண்டுதோறும் நடப்பதுதான். எங்கள் வழிகாட்டி அந்த ஏரிக்கரைக் கிராமத்தில் பிறந்தவர். சிறு வயதில் படகிலிருந்தபடியே மரக்கிளையைப் பிடித்து ஏறியதைச் சொல்வார்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன். அந்தப் போர்க் காட்சிக்குக் கீழே ஒரு வரிசை இருக்கிறது. கொஞ்சம் குனிந்து பாருங்கள். அதில் அரசனும் இல்லை, தேவனும் இல்லை. பெண்கள் சந்தையில் மீன் விற்கிறார்கள். மீனவர்கள் வலை வீசுகிறார்கள். ஒருத்திக்குப் பிரசவ வலி; பக்கத்தில் பெண்கள் தாங்கிப் பிடிக்கிறார்கள். ஒரு பெரிய விருந்துக்குச் சமையல் நடக்கிறது: முழுப் பன்றியைக் கொப்பரைக்குள் இறக்குகிறார்கள், ஒருவர் அரிசி வேகவைக்கிறார், இன்னொருவர் இறைச்சியைக் குச்சியில் செருகி நெருப்பில் வாட்டுகிறார்.

பழவேற்காட்டிலிருந்து ஒரு குடும்பம் ஒருமுறை எங்களோடு வந்திருந்தது. காலையிலிருந்து ஒன்றும் பேசாமல் நடந்துவந்த அந்த வீட்டுப் பெரியவர், வலை வீசும் சிற்பத்தின் முன்னால் நின்றுவிட்டார். "தம்பி, இது வீச்சு வலை. கையைப் பாரு, இப்பத்தான் விட்டிருக்கான். இனிமேத்தான் குடை மாதிரி விரியும்" என்றார். வலையின் ஓரத்தில் குண்டு கட்டுவது ஏன், எந்தத் தோளில் போட்டு வீச வேண்டும் என்று செய்தே காட்டினார். அன்று வழிகாட்டி பேசவே இல்லை. பெரியவர் சொன்னதை நான் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த குழு வந்தபோது அதை அவர்களுக்கு வழிகாட்டியே சொன்னார்.

இன்னொரு முறை, சேவற்கட்டுச் சிற்பத்தின் முன்னால். இரண்டு பக்கமும் ஆட்கள் கூடி நிற்க, நடுவில் இருவர் சேவல்களைக் கையில் பிடித்து எதிரெதிரே நீட்டியிருப்பார்கள். திண்டுக்கல் பக்கத்து நண்பர் ஒருவர் பார்த்த மாத்திரத்தில், "இன்னும் தரையில விடலைங்க. ஒண்ணுக்கொண்ணு முகம் காட்டுறாங்க" என்றார். பந்தயம் கட்டுகிறவர்களின் கைகளையும் அவரே எங்களுக்கு விளக்கினார். சொல்லுங்கள், எந்த நூலைப் படித்து அவர் இதைத் தெரிந்துகொண்டார்?

பெண்கள் மீன் விற்கும் அந்தச் சந்தைக் காட்சிக்கு எழுத்திலும் சாட்சி உண்டு. 1296-ல் சீனத் தூதுக் குழுவோடு அங்கோருக்கு வந்த சோ தாகுவான் ஏறத்தாழ ஓராண்டு தங்கி, கண்டதை எழுதிவைத்தார். இந்த நாட்டில் வாணிபம் பெண்கள் கையில் இருக்கிறது, காலையில் கூடும் சந்தை நண்பகலில் கலைகிறது, கடை கிடையாது, தரையில் பாய் விரித்துத்தான் வியாபாரம் என்கிறார். மாலையில் சியம் ரீப் சந்தைக்குப் போய்ப் பாருங்கள், மீன் விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்களே.

என் நேரம் ஓடிவிட்டது, மற்ற இடங்களை வேகமாகச் சொல்கிறேன். பாயோனுக்கு அருகில் பாபுவோன். பிரெஞ்சு அறிஞர்கள் சீரமைப்புக்காகக் கல் கல்லாகக் கழற்றிவைத்திருந்தபோது போர் வந்தது. எந்தக் கல் எங்கே என்ற குறிப்புகள் அழிந்துபோயின. சுமார் 3 லட்சம் கற்கள்! 1995-ல் மீண்டும் தொடங்கி 2011-ல் முடித்தார்கள். பிற்பகலில் தா புரோம், ஏழாம் ஜயவர்மன் தன் தாயின் நினைவாக 1186-ல் நிறுவியது. சுவர்களை வேர்கள் பற்றியிருக்கும் கோயில். அங்கும் நம் தொல்லியல் துறையினர் வேலை செய்திருக்கிறார்கள். அந்தக் கோயிலின் கல்வெட்டு நாட்டில் இருந்த 102 மருத்துவமனைகளைக் குறிப்பிடுகிறது. மரத்தைப் படமெடுத்த பிறகு அதையும் வழிகாட்டியிடம் கேளுங்கள்.

இன்னும் ஒரு நாள் கையில் இருப்பவர்கள் பந்தியாய் ஸ்ரீ கோயிலுக்குப் போங்கள். 967-ல் குடமுழுக்குக் கண்ட சிறிய செந்நிறக் கோயில். அதன் வாசல் முகப்பில் ஆடும் சிவனின் காலடியில் எலும்பும் தோலுமாக ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அவள் நம் காரைக்கால் அம்மையார் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தணிந்திருக்கும். தோளும் முழங்காலும் மறையும் உடை கட்டாயம். அரசு உரிமம் பெற்ற வழிகாட்டியையே அமர்த்துங்கள். அவர்களில் பலருடைய குடும்பங்கள் 1975 முதல் 1979 வரை இருந்த ஆட்சி நிகழ்த்திய கொடுமையில் சொந்தங்களை இழந்தவை. அதை அவர்களாகச் சொன்னால் கேளுங்கள், நீங்களாகத் துருவாதீர்கள். முக்கியமாக, ஒரே நாளில் எட்டுக் கோயில் காட்டுகிறேன் என்று சொல்லும் பட்டியலை வாங்காதீர்கள். மூன்று போதும். புறப்படும் முன்பே உங்கள் வழிகாட்டியிடம், "பாயோனின் தெற்குச் சுவருக்கு மட்டும் ஒரு மணி நேரம் வேண்டும்" என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் வலை வீசத் தெரிந்தவரோ, ஊருக்கே சமைத்துப் போட்டவரோ இருந்தால் அவரையும் கண்டிப்பாக அழைத்துப் போங்கள்.