அறுந்ததை இணைக்கும் அழைப்பு



பொதுக்காலத்தின் மூன்றாம் ஞாயிறாகிய இன்று, நற்செய்தி நம்மைக் கலிலேயக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறது. அங்கே இயேசு இரண்டு சோடிச் சகோதரர்களைக் காண்கிறார். பேதுருவும் அந்திரேயாவும் கடலில் வலை வீசிக்கொண்டிருக்கிறார்கள். செபதேயுவின் மக்களான யாக்கோபும் யோவானும் தந்தையோடு படகில் அமர்ந்து, வலைகளைப் பழுதுபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வலை வீசியவர்களை வைத்து எத்தனையோ மறையுரைகள் கேட்டிருக்கிறோம். வலையைப் பழுதுபார்த்தவர்களை மட்டும் ஏனோ கடந்து போய்விடுகிறோம். இன்று அவர்கள் அருகில் சற்று உட்காருவோம். அதற்கு முன், வேறொரு கடலுக்குப் போய் வருவோம்.

பசிபிக் பெருங்கடலில், நியூசிலாந்துக்கு வடகிழக்கே டோங்கா என்றொரு சிறிய நாடு இருக்கிறது. 170 தீவுகள், அவற்றில் பலவற்றில் மனித நடமாட்டமே இல்லை. மக்கள் தொகை ஏறத்தாழ ஒரு இலட்சம். கிறிஸ்தவ நம்பிக்கையில் ஊறிய மக்கள். ஞாயிறு தூய நாளாகக் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்று அந்நாட்டின் 1875ஆம் ஆண்டு அரசியல் சட்டமே சொல்கிறது. அங்கே வாழ்கிறவர்களைவிட, பிழைப்புத் தேடி நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் குடியேறிய டோங்கா மக்களே அதிகம். பிள்ளைகள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அப்படி வரும் பணம், நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

இந்தப் பணமும் பேச்சும் எந்த வழியாக வந்தன தெரியுமா? 2013ஆம் ஆண்டு முதல், பிஜித் தீவிலிருந்து கடலடியில் 827 கிலோமீட்டர் தூரம் வரும் ஒரே ஒரு கேபிள் வழியாக. தொலைபேசிப் பேச்சும் இணையமும் வானத்துச் செயற்கைக்கோள் வழியாகத்தான் வருகின்றன என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், நாடுகளுக்கிடையே செல்லும் தகவல்களில் 95 விழுக்காட்டுக்கும் மேல் கடலுக்கு அடியில்தான் போகின்றன. ஆழ்கடலில் கிடக்கும் கேபிள், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயின் பருமனே இருக்கும். அதற்குள் தலைமுடி போன்ற கண்ணாடி இழைகள். அந்த இழைகளுக்குள் ஒளியாகத்தான் நம் பேச்சு கடல் கடக்கிறது.

2022 ஜனவரி 15, சனிக்கிழமை மாலை. தலைநகர் நுக்குஅலோபாவிலிருந்து ஏறத்தாழ 65 கிலோமீட்டர் தொலைவில், ஹுங்கா டோங்கா - ஹுங்கா ஹாபாய் என்ற கடலடி எரிமலை வெடித்தது. அந்த ஓசை 9,000 கிலோமீட்டருக்கும் அப்பால், அலாஸ்கா வரை கேட்டது. சுனாமி அலைகள் தீவுகளில் ஏறின. வானிலிருந்து சாம்பல் கொட்டியது. கடலடியில் கேபிள் அறுந்தது. நாடே உலகத்திலிருந்து துண்டிக்கப்பட்டது.

விடிந்தால் ஞாயிறு. ஆக்லாந்திலும் சிட்னியிலும் இருந்த பிள்ளைகள் கைப்பேசியைக் காதில் வைத்தபடி அழைத்துக்கொண்டே இருந்தார்கள். பதில் இல்லை. அம்மா இருக்கிறாரா, வீடு இருக்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. திங்களன்று நியூசிலாந்து அனுப்பிய விமானம் வானிலிருந்து எடுத்த படங்களில் சாம்பல் மூடிய ஊர்களைத்தான் பார்க்க முடிந்தது. புதனன்று திருத்தந்தை பிரான்சிஸ் அம்மக்களுக்காகச் செபித்தார். செயற்கைக்கோள் வழியாகச் சில அழைப்புகள் மெல்ல மெல்லக் கிடைக்கத் தொடங்கின. கடவுளின் இரக்கத்தால், அந்நாட்டில் இறந்தோரின் எண்ணிக்கை விரல்விட்டு எண்ணும் அளவில் இருந்தது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளவே நாள்கள் ஆயின. எரிமலையின் முழக்கம் அலாஸ்கா வரை கேட்டது. 'உயிரோடு இருக்கிறோம்' என்று ஒரு தாய் சொல்வது பிள்ளைக்குக் கேட்கவில்லை.

இந்தத் தவிப்பு நம் கடலோரப் பங்குகளுக்குப் புதிதல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஆழ்கடலுக்குப் போனவர்களிடமிருந்து ஒரு சொல்லும் வராமல் குமரிக் கடற்கரையில் குடும்பங்கள் காத்துக் கிடந்ததை நாம் மறக்கவில்லை. சாவுச் செய்தியைக்கூட ஒருநாள் அழுது தீர்க்கலாம். எந்தச் செய்தியும் வராத வீட்டில் அழுவதா செபிப்பதா என்றுகூடத் தெரிவதில்லை.

டோங்காவின் கேபிளைச் சரிசெய்ய ஒரு கப்பல் பப்புவா நியூ கினியின் போர்ட் மோர்ஸ்பி துறைமுகத்திலிருந்து வந்தது. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் கேபிள் துண்டு துண்டாகிக் கிடந்தது. ஐந்து வாரங்களுக்குப் பிறகு, பிப்ரவரி 22 அன்றுதான் தலைத்தீவில் இணையம் மீண்டது. தொலைவிலிருந்த வெளித்தீவுகளின் கேபிள் சீராக ஓராண்டுக்கும் மேல் ஆனது.

அன்பானவர்களே, இப்போது செபதேயுவின் படகுக்குத் திரும்புவோம். வலைகளைப் 'பழுதுபார்த்தார்கள்' என்று சொல்லும்போது நற்செய்தியாளர் மத்தேயு பயன்படுத்தும் கிரேக்கச் சொல் 'கத்தார்த்திசோ'. கலைந்ததை ஒழுங்காக்குவது, கிழிந்ததைச் சேர்ப்பது என்று பொருள். முறிந்த எலும்பை இணைத்து வைப்பதற்கும் பழங்கால மருத்துவர்கள் இதையொட்டிய சொல்லையே வழங்கினார்கள். இன்றைய இரண்டாம் வாசகத்தைப் பாருங்கள். கொரிந்துத் திருச்சபையில் நீ பவுல் கட்சி, நான் அப்பொல்லோ கட்சி, அவன் கேபா கட்சி என்று பிளவு. கடலுக்கு அக்கரையில் எபேசு நகரில் இருந்த பவுலுக்குக் குலோயியின் வீட்டார் வழியாகச் செய்தி வருகிறது. உடனே அவர் அவர்களை ஒரே மனத்தோடு இணைந்திருக்குமாறு கெஞ்சி எழுதுகிறார். அங்கேயும் அவர் கையாளுவது அதே 'கத்தார்த்திசோ' என்ற சொல்தான். யாக்கோபும் யோவானும் படகில் எதைச் செய்தார்களோ, அதையே கொரிந்து மக்கள் தங்களுக்குள் செய்ய வேண்டும் என்கிறார். வலை வீசுவது மட்டும் திருத்தூதுப் பணி அல்ல. கிழிந்ததைச் சேர்ப்பதும் திருத்தூதுப் பணிதான். கிழிந்த வலையை எத்தனை முறை வீசினாலும் மீன் தங்குமா?

அறுந்த கேபிளை எப்படிச் சரிசெய்கிறார்கள் என்று சற்றுப் பார்த்தால், பவுல் கெஞ்சிக் கேட்ட காரியத்தை எப்படிச் செய்வது என்பது நமக்கும் விளங்கும்.

முதலில், எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள். கரையிலிருந்து கேபிளுக்குள் ஓர் ஒளித்துடிப்பை அனுப்புகிறார்கள். அது முறிந்த இடத்தில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதைக் கணக்கிட்டு, எத்தனை கிலோமீட்டரில் பழுது என்று அறிகிறார்கள். நாமோ உறவு முறிந்தால், எங்கே முறிந்தது என்று தேடுவதே இல்லை. "அவன் எப்பவுமே அப்படித்தான்" என்று முழு மனிதனையும் தள்ளிவிடுகிறோம். ஆன்மப் பரிசோதனை என்பது அந்த ஒளியை உள்ளே அனுப்புவதுதான். எந்த நாளில், எந்தச் சொல்லில் முறிந்தது? அதில் நம் பங்கு என்ன?

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எரிமலையால் கேபிள் அறுவது அரிது. உலகில் ஆண்டுக்கு 150 முதல் 200 முறை வரை கடலடிக் கேபிள்கள் பழுதாகின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் மீன்பிடிப்பும் நங்கூரமும்தான். இதே டோங்காவில் 2019 ஜனவரியிலும் கேபிள் அறுந்து, ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நாடு தவித்தது. ஒரு கப்பலின் நங்கூரமே காரணம் என்று கருதப்பட்டது. நங்கூரம் போடுகிறவனுக்கு யார்மீதும் பகை கிடையாது. அடியில் என்ன கிடக்கிறது என்று அவன் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நம் வீடுகளிலும் பெரிய எரிமலை வெடித்துப் பிரிந்தவர்கள் கொஞ்சம் பேர். கல்யாண வீட்டில் பந்தியில் சொன்ன ஒரு சொல், அண்ணனை விட்டுவிட்டு அச்சடித்த ஓர் அழைப்பிதழ், வேடிக்கை என்று நினைத்துப் பேசிய ஒரு பேச்சு, இவற்றால் பிரிந்தவர்கள்தான் அதிகம். குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. பீடத்திலிருந்து நாம் கோபத்தில் சொன்ன ஒரு சொல்லால் கோவிலுக்கு வருவதையே விட்டுவிட்டவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்கள் வராததை ஞாயிறுதோறும் பார்க்கிறோம். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்ட மட்டும் நம் கால்கள் போகவில்லை. ஆண்டவர் நம்மை மன்னிப்பாராக.

இரண்டாவது, அறுந்த இரண்டு முனைகளையும் தேடி எடுக்கிறார்கள். கொக்கியைக் கடலடியில் இறக்கி, தேடி, ஒரு முனையை மேலே கொண்டு வந்து, அது சரியாக இருக்கிறதா என்று சோதித்து, மிதவையில் கட்டி வைக்கிறார்கள். பிறகு அடுத்த முனையைத் தேடுகிறார்கள். டோங்காவில் கேபிளின் சில பகுதிகள் எரிமலை தள்ளிய சேற்றுக்குள் புதைந்து கிடந்தன. ஒரு முனையை மட்டும் வைத்துக்கொண்டு எதையும் இணைக்க முடியாது. சமாதானம் பேசப் போகிறவர்களும் இதை மனத்தில் வைக்க வேண்டும். ஒரு தரப்பை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்போது, நாம் இணைப்பதில்லை. இன்னொரு கட்சிக்கு ஆள் சேர்க்கிறோம்.

மூன்றாவதாகச் செய்வதுதான் நம் உள்ளத்தை மிகவும் தொடுகிறது. ஆழ்கடலில் அறுந்த இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் இழுத்து ஒட்டிவிட முடியாது. கடலடியில் நீட்டிக் கிடந்த கேபிளை நீர்மட்டம் வரை தூக்கும்போது நீளம் போதாது. எவ்வளவு இழுத்தாலும் இரண்டும் சந்திக்காது. மேலும் இழுத்தால் இன்னோர் இடத்தில் அறும். ஆகவே கப்பலில் கொண்டு வந்த புதிய கேபிளை நடுவில் சேர்த்துத்தான் இணைக்கிறார்கள்.

சகோதரரே, சகோதரிகளே, நம் பிணக்குகளில் நாம் பார்ப்பதும் இதுதானே? "அவன் பாதி தூரம் வந்தால் நான் பாதி தூரம் போகிறேன்" என்கிறோம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு பாதிகளும் சந்திப்பதில்லை. காயம்பட்ட காலத்தில் இருவரின் பாதியும் குறைந்துபோயிருக்கிறது. யாராவது ஒருவர் தன் கணக்கில் இல்லாததைக் கொண்டு வந்து நடுவில் வைக்க வேண்டியிருக்கிறது. அதைத்தான் மன்னிப்பு என்கிறோம். அது நம்மிடம் சேமிப்பில் இருப்பது அல்ல, சிலுவையடியில் பெற்றுக்கொள்வது. கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவே நீளம் போதாமல் கிடந்த இடத்தில் தம் மகனையே தந்தார் தந்தை. ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் உட்கொள்வது அந்த இணைப்பைத்தான்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடியும் உதையும் வன்முறையும் உள்ள வீட்டில், 'பொறுத்துப் போ' என்று ஒரு பெண்ணையோ குழந்தையையோ திருப்பி அனுப்புவது சமாதானம் ஆகாது. அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. புயல் ஓயாத கடலில் எந்தப் பழுதுபார்க்கும் கப்பலும் வேலை செய்வதில்லை.

இறுதியாக, டோங்கா நம் மனச்சான்றிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வளமான நாடுகளுக்குப் பல கேபிள்கள் இருக்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றொன்றின் வழியே பேச்சு போய்விடும். அறுந்ததே மக்களுக்குத் தெரியாது. ஏழை நாட்டுக்கு ஒன்றுதான். அது அறுந்தால் எல்லாமே நின்றுவிடும். நம் பங்குகளிலும் அப்படிப்பட்டவர்கள் இருக்கிறார்கள். துபாயிலோ குவைத்திலோ இருக்கும் மகனின் வெள்ளிக்கிழமை அழைப்பு ஒன்றையே நம்பி வாரம் முழுவதும் வாழும் தாய். பேச வேறு யாருமில்லாத கைம்பெண். மருத்துவமனையிலிருந்து திரும்பிய பிறகு யாரும் எட்டிப் பார்க்காத முதியவர். அவர்களுக்கு இரண்டாவது கேபிளாக யார் இருக்கப் போகிறார்கள்? அன்பியக் கூட்டத்தில் இந்த வாரம் இதைப் பேசுவோம். ஒவ்வொரு குடும்பமும் தனிமையில் இருக்கும் ஒருவரின் பெயரை எழுதிக்கொள்வோம். வாரம் ஒருமுறையாவது அந்த வீட்டுப் படியேறுவோம்.

நம் கைப்பேசியில் இன்று சிக்னல் முழுதாக இருக்கிறது. டோங்காவின் பிள்ளைகள் எத்தனையோ நாள் ஏங்கிய வசதி அது. அதில் நாம் அழைக்காமலே விட்டுவைத்திருக்கும் எண் ஒன்று இருக்கிறது. யாருடைய எண் என்று உங்களுக்கும் தெரியும், ஆண்டவருக்கும் தெரியும். இந்த வானொலியை நிறுத்தியதும், அந்த எண்ணை அழைப்போம். முதல் அழைப்பை எடுக்காமல் போகலாம். கேபிள் கப்பலும் கொக்கியை ஒரே முறை போட்டு முனையைப் பிடித்துவிடுவதில்லை.

மன்றாடுவோம்: கலிலேயக் கரையில் வலைகளைச் சரிசெய்தவர்களை அழைத்த ஆண்டவரே, எங்கள் வீடுகளில் அறுந்து கிடப்பதைக் காணும் ஒளியைத் தாரும். எங்கள் பாதி எட்டாத இடத்தில் உம் இரக்கத்தை நடுவில் வைத்தருளும். டோங்கா மக்களையும், செய்தி வராமல் காத்திருக்கும் எல்லாக் குடும்பங்களையும் உம் கையில் ஒப்படைக்கிறோம். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.