சத்தம் மேல, உசுரு கீழ

(ஆபத்தில் பெரிதும் கைகொடுப்பது எந்திரமா? மனிதரா?
'மனிதரே' அணியில் பேசியது.)

நான் கம்பம் பள்ளத்தாக்கு, சின்னமனூர்.

எதிரணித் தம்பி, "நினைச்ச இடத்துல ஆளை இறக்குமே ஹெலிகாப்டர்"னு பெருமையாச் சொன்னாரு. இறக்கும். ஆனா இறக்கின பிறகு?

எங்க அண்ணன் அமைதிப்படையில இலங்கைக்குப் போனவர். அவர் சொல்லித்தான் தெரியும். 1987 அக்டோபர் 11 ராத்திரி. புலிகளோட தலைவர்களைப் பிடிக்க, பலாலியிலிருந்து எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்கள்ல யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்துல படையை இறக்குனாங்க. வயர்லெஸ்ஸை ஒட்டுக்கேட்ட புலிகள் முன்கூட்டியே காத்திருந்தாங்க. ஹெலிகாப்டர் மேல குண்டு பாய்ஞ்சது. அடுத்த நடை நின்னுபோச்சு. இறங்கின சீக்கியப் படைவீரர் 30 பேர்ல 29 பேர் செத்தாங்க. ஒருத்தர் பிடிபட்டார். கமாண்டோக்களை மீட்க, ரயில் தண்டவாளத்து மேல டாங்கி ஓட்டிப் போகவேண்டியதாச்சு!

நடுவர்: அடடா!

அந்தச் சண்டையில யாழ்ப்பாணத்துச் சனமும் மாண்டுச்சு ஐயா. எங்க அண்ணன் சொல்வார்: "ஒரு வீட்டு வாசல்ல நின்னு நம்ம பாஷையிலதான் தண்ணி கேட்டேன். அந்தம்மா கதவைச் சாத்திட்டாங்க. அவங்க மேல தப்பில்ல. என் கையில துப்பாக்கி இருந்துச்சு." வானத்துல வந்தவனைத் தரை ஏத்துக்கலைன்னா, எந்த எந்திரம் காப்பாத்தும்?

இப்ப எங்க ஊருக்கு வாங்க. 2018 மார்ச் 11. போடிக்கு மேல குரங்கணியில காட்டுத்தீ. மலையேற வந்த பிள்ளைக மாட்டிக்கிச்சு. விமானப்படை ஹெலிகாப்டர் வந்துச்சு, வந்தவங்களுக்கு நன்றி. ஆனா அதுக்கு முன்னாடியே இருட்டுல ஏறுனவங்க யாரு? மலைக்காரங்க, ஊர்க்காரங்க, வனத்துறை, போலீஸ், தீயணைப்பு ஆளுங்க. போர்வையில கம்பைக் கோத்து டோலி கட்டி, வெந்துபோன பிள்ளைகளைத் தோள்ல சுமந்து இறக்குனாங்க. (பலத்த கைதட்டல்) அப்படியும் 20 பேருக்கு மேல பறிகொடுத்தோம்.

எங்க அண்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்டா இன்னிக்கும் கை நடுங்கும். மறுநாள் டி.வி.யில ஹெலிகாப்டரைப் பார்த்துட்டு அவர் சொன்ன வார்த்தையோட முடிக்கிறேன்.

"சத்தம் மேல வந்துருச்சுடா. ஆனா உசுரு, கீழ இருக்கிறவன் கையிலதான் இருக்கு."