கைத்தடி எந்தக் கையில்?



எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நில்லுங்கள். இடுப்பில் கை வையுங்கள். இரண்டு பக்கமும் மேடாக எலும்பு தட்டுப்படுகிறதா? அதுதான் இடுப்பெலும்பு. அதன் மேல் முதுகெலும்பு நிற்கிறது. அதன் கீழே இரண்டு தொடை எலும்புகளும் பொருந்தியுள்ளன.

இப்போது இடது காலைத் தூக்குங்கள். வலது காலில் மட்டும் நில்லுங்கள். வயதானவர்கள் சுவரைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் இடது இடுப்புக்கு இப்போது கீழே முட்டு இல்லை. அது சரிய வேண்டும். ஆனால் சரியவில்லை. ஏன்? வலது இடுப்பின் பக்கவாட்டில் ஒரு தசை இருக்கிறது. அது இடுப்பெலும்பையும் தொடை எலும்பையும் இணைக்கிறது. அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. அந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக இருக்கும்.

நடப்பது என்றால் என்ன? மாறி மாறி ஒற்றைக் காலில் நிற்பதுதான். எனவே ஒவ்வொரு அடிக்கும் இந்தத் தசைக்கு வேலை உண்டு. சின்ன வேலை அல்ல. கதவைக் கைப்பிடி அருகே தள்ளினால் எளிதில் நகரும். கீல் அருகே தள்ளிப் பாருங்கள். அதிக பலம் வேண்டும். நம் தசையும் கீலுக்குப் பக்கத்தில், அதாவது மூட்டுக்குப் பக்கத்தில் நின்று இழுக்கிறது. அதனால் நடக்கும்போது இடுப்பு மூட்டில் விழும் சுமை உடல் எடையைப் போல் சுமார் இரண்டரை மடங்கு. 50 கிலோ எடை உள்ளவருக்கு அது 125 கிலோ. இரண்டரை சிமெண்டு மூட்டை!

தசை பலவீனமானால் என்ன ஆகும்? தூக்கிய கால் பக்கம் இடுப்பு சரியும். ஜெர்மன் மருத்துவர் டிரெண்டலன்பர்க் 1895-இல் இதை விளக்கினார். இன்றும் மருத்துவர்கள் நம்மை ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் உடம்பை ஒரு பக்கம் சாய்த்துச் சாய்த்து நடப்பார்கள். சாய்ந்தால் தசைக்கு வேலை குறைகிறது. வலியும் குறைகிறது. அது சோம்பலும் அல்ல, நடிப்பும் அல்ல. கேலி செய்யாதீர்கள். சின்ன வயதில் போலியோ வந்தவர்கள் பலர் இப்படி நடக்கிறார்கள். (2014-இல் இந்தியா போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றது. புதிதாக வராமல் இருக்கத்தான் சொட்டு மருந்து.) நடை பழகிய குழந்தை வாத்து போல் ஆடி ஆடி நடந்தால் காத்திருக்க வேண்டாம். பிறவியிலேயே மூட்டு விலகியிருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.

சரி, தண்ணீர்க் குடத்துக்கு வருவோம். 15 லிட்டர் தண்ணீரின் எடை 15 கிலோ. அதை இடுப்பில் வைத்தால் அந்தப் பக்கம் இடுப்பைத் தூக்கி வெளியே தள்ளுகிறோம். உடம்பு மறுபக்கம் வளைகிறது. தினமும் ஒரே பக்கம் சுமந்தால் ஒரே தசைகள்தான் உழைக்கின்றன. பக்கத்தை மாற்றுங்கள். முடிந்தால் சுமையை இரண்டாகப் பிரித்து இரண்டு கையிலும் எடுங்கள். குடம் சுமக்கும் வேலையை வீட்டு ஆண்களுக்கும் பிரித்துக் கொடுக்கலாமே!

இனி கைத்தடி. வலது இடுப்பு வலித்தால் தடி எந்தக் கையில் இருக்க வேண்டும்? வலது கையில் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இடது கையில் பிடியுங்கள். வலது காலில் நிற்கும்போது சரியப் பார்ப்பது இடது பக்கம். சரியும் பக்கத்துக்குத்தானே முட்டு வேண்டும்? தடியை லேசாக ஊன்றினாலே வலது தசைக்குப் பாரம் நன்றாகக் குறையும். வலது காலை வைக்கும்போது தடியையும் சேர்த்து ஊன்றுங்கள்.

பைக்கு இதற்கு நேர்மாறு. கடைக்குப் போனால் பையை வலிக்கும் பக்கத்துக் கையிலேயே எடுங்கள். மறு கையில் எடுத்தால் சரியும் பக்கத்தை அது இன்னும் கீழே இழுக்கும்.

தடி வாங்கும்போது கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். தடியின் பிடி மணிக்கட்டு உயரத்துக்கு வர வேண்டும். அடியில் ரப்பர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அது வழுக்குவதைக் குறைக்கும்.