கார்டில் வந்த ராஜகுடும்பம்

பழைய தபால் கார்டு சேர்ப்பவர் கையில் ஒரு கட்டைக் கொடுத்துப் பாருங்கள். எழுத்தைப் படிக்கும் முன்னால் வலது மேல்மூலையில் அச்சாகியிருக்கும் தலையைத்தான் பார்ப்பார்.

பிரிட்டிஷ் இந்தியாவில் காலணா கார்டு 1879 ஜூலை 1 அன்று வந்தது. பழுப்பு மையில் விக்டோரியா மகாராணி. பிறகு மகன் ஏழாம் எட்வர்டு, பேரன் ஐந்தாம் ஜார்ஜ், கொள்ளுப்பேரன் ஆறாம் ஜார்ஜ். ஒரே குடும்பத்தின் நாலு தலைமுறை ஸ்ரீவில்லிபுத்தூர்த் திண்ணைகளுக்கு வந்து போயிருக்கிறது. நடுவில் எட்டாம் எட்வர்டு 1936-ல் ஒரு வருஷம்கூட ஆளாமல் முடிதுறந்தார். இந்தியாவில் அவர் முகத்தோடு தபால்தலையே வரவில்லை. 1922-ல் கார்டு விலை அரையணா ஆனது. தேதி எழுதாத கார்டுக்கும் மன்னர் முகம், விலை, தபால் முத்திரை மூன்றும் சேர்ந்து காலத்தைச் சொல்லிவிடும்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தென்மேற்கே செங்கோட்டையில் கதை வேறு. அது அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்தது. அந்தச் சமஸ்தானத்துக்கு அஞ்சல் என்ற பெயரில் சொந்தத் தபாலே இருந்தது. 1888 முதல் அதன் தபால்தலைகளில் சங்கு. மன்னர் முகம் வந்தது 1931-ல், சித்திரைத் திருநாள் மகாராஜா ஆட்சிப் பொறுப்பேற்றபோதுதான்.

1911 டெல்லி தர்பாரை ஒட்டி வெளிவந்த படக் கார்டுகளை, ஐந்தாம் ஜார்ஜும் ராணி மேரியும் கிரீடத்தோடு நிற்பவற்றை, மாசு மருவில்லாமல் தேடுகிறவர்கள் உண்டு. எனக்கு நம் வீட்டுக் கார்டுதான் உசத்தி. படித்து முடித்ததும் கொக்கிக் கம்பியில் குத்தி மாட்டுவது நம் வழக்கமாக இருந்தது. அதனால் நடுவில் ஒரு ஓட்டை, அதைச் சுற்றித் துருவின் வளையம். கல்யாணச் செய்தி என்றால் நாலு மூலையிலும் மஞ்சள்; அது ஜார்ஜ் மன்னரின் கன்னத்திலும் அப்பியிருக்கும். மூலையில் கறுப்பு மை தடவி வந்த சாவுச் செய்தியைப் படித்த கையோடு கிழித்துப் போட்டார்கள். அதனால்தான் மஞ்சள் கார்டு கிடைக்கும் அளவுக்குக் கறுப்புக் கார்டு கிடைப்பதில்லை. அந்த மன்னர்கள் யாரென்றே தெரியாமல், அவர்கள் முகத்துக்குப் பக்கத்தில் மழை பெய்ததையும், பருத்தி விலையையும், பெண்ணுக்கு வரன் அமைந்ததையும் எழுதினார்கள் நம்மவர்கள். சேர்ப்பவர் காக்க வேண்டியது அந்த எழுத்தைத்தான்.

கம்பியிலிருந்து கார்டை இழுக்காதீர்கள். குத்திய வழியே மெதுவாக உருவுங்கள். பசை வேண்டாம், லேமினேஷன் வேண்டவே வேண்டாம். தபால்தலைப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்தால் ஊர் முத்திரையும் தேதியும் போய்விடும். ஈரம் படாத காகித உறையில் ஒவ்வொன்றாக வையுங்கள். எழுதியவர் யார், பெற்றவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு உறைமேல் பென்சிலால் குறித்து வையுங்கள்.

போகிக்குப் பரணைச் சுத்தம் செய்யும்போது பழைய கம்பிக் கட்டு ஏதாவது அகப்பட்டால், தயவுசெய்து தீயில் போடாதீர்கள். முதலில் உட்கார்ந்து படியுங்கள்.